இந்தியாவில் ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையின் வரலாறு

வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்பது கடும் நோயுற்றோரின் வலி, மூச்சுத்திணறல், புண், மனவேதனை ஆகியவற்றைத் தணித்து, அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் துணைநிற்கும் மருத்துவப் பணியாகும். இது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று; நோய் கண்டறியப்பட்டது முதலே மற்றச் சிகிச்சைகளுடன் சேர்த்து வழங்கத்தக்கது.

தொடக்கம்

இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இத்துறைக்கு வழிகாட்டியது. இந்தியாவின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன் 1986இல் மும்பையில் தொடங்கியது. 1993இல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண மையத்தைத் தொடங்கினர்.

சட்டத் தடை

புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்பின் இன்றியமையாதது. அது அபினியிலிருந்து எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிரிடப்படுகிறது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி மருத்துவமனைகள் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. கடும் தண்டனைக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த உரிம முறையை எளிதாக்கியது.

கொள்கைகள்

கேரள அரசு 2008இல் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வாறு அறிவித்தது அதுவே முதல்முறை. அங்கு ஊராட்சிகள் நிதி ஒதுக்க, செவிலியர்கள் வீடுதேடிச் செல்கின்றனர்.

நடுவண் அரசு 2012இல் தேசிய ஆதரவுச் சிகிச்சைத் திட்டத்தை வகுத்தது. 2017ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கை ஆதரவுச் சிகிச்சையை ஆரம்ப சுகாதாரச் சேவைகளுள் ஒன்றாக ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை வழங்குவதும் அடங்கும்.

எல்லைப்புற ஊரின் நிலை

பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின்படி மாநிலப் பொறுப்பாகும். தேசியக் கொள்கை திசை காட்டலாம். மருந்தும் ஆளும் தருவது பெரிதும் மாநிலத்தின் கையில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டணத்தைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இப்பகுதி கேரள எல்லைக்கு அருகில் உள்ளது. இம்மாவட்டத்தினர் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெறுகின்றனர். ஆனால் கேரள ஊராட்சிகளின் வீட்டுப் பராமரிப்பு எல்லையோடு நின்றுவிடுகிறது. வீடு திரும்பும் நோயாளி அதன்பின் தமிழ்நாட்டின் சேவையையே நம்ப வேண்டும்.

எனவே தேசியக் கொள்கை மேம்பட மூன்று தேவைகள் உள்ளன: மாவட்டந்தோறும் தடையின்றி மார்பின் கிடைத்தல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி அளித்தல், மாநில எல்லை கடந்து சிகிச்சை பெறுவோரின் விவரம் அவர்களது ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்தல்.