மீன் பெயர் ஏறிய தேர்

நேபாளத்தின் லலிதபுரத்தில் (பாட்டன் என்று வழங்கும் பழநகரில்) ஆண்டுதோறும் வைசாக மாதத்தில் தேரேறும் செந்நிறத் தெய்வத்திற்கு மச்சேந்திரநாதர் என்னும் பெயர் வந்த காரணத்தைச் சொல்லப் புகும் நூல்கள் பலவும் ஒரே கதையைத் திருப்பிச் சொல்கின்றன. கடலோரத்தில் சிவன் உமைக்கு யோகநூல் உரைத்தபோது மீன் வயிற்றுக்குள்ளிருந்து அதைக் கேட்டவர் ஒருவர் உண்டென்றும், அவரே மீன்களின் தலைவன் என்னும் பொருளில் மச்சேந்திரர் ஆனார் என்றும், அவரே பாட்டன் நகரத்துத் தெய்வம் என்றும் அக்கதை முடியும். தமிழில் சித்தர் வரலாறு எழுதுவோருள் சிலர் ஒருபடி மேலே சென்று, அத்தேரில் வீற்றிருப்பவர் பதினெண் சித்தருள் ஒருவரான மச்சமுனியே என்று எழுதி விடுகின்றனர். இவ்விளக்கம் ஒரு யோகியின் பெயரை விளக்குகிறதேயன்றி அத்தேரையோ தேரிலிருக்கும் தெய்வத்தையோ விளக்கவில்லை. பெயரும் பொருளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தன என்பதற்குக் கல்லிலும் ஓலையிலும் சான்று இருக்கும்போது, மீன் வயிற்றுக் கதையை மட்டும் பற்றிக்கொள்வது சொல்லாராய்ச்சி ஆகாது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்ளலாம். வடமொழி மத்ஸ்ய என்பது பிராகிருதத்தில் மச்ச என்றாகும். தமிழில் மீனைக் குறிக்க வழங்கும் மச்சம் அந்தப் பிராகிருத வடிவத்தின் வழி வந்தது. மச்ச என்பதோடு தலைவனைக் குறிக்கும் இந்திர சேர்ந்து மச்சிந்திர என்றாகி, நேபாளியிலும் மராத்தியிலும் அவ்வடிவிலேயே நிலைத்தது. ஆயினும் யோகியின் பழைய பெயர் மச்சிந்திர என்பதே என்று கொள்வதற்கில்லை. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் தம் தந்திராலோகத்தின் தொடக்கத்தில் வணங்கும் குருவின் பெயர் மச்சந்தன் என்றே அமைந்துள்ளது. அவர் வலையை உருவகமாக்குகிறார், உரைகாரர் சயரதரோ மச்சம் என்பதற்கு உயிரைப் பிணிக்கும் பாசம் என்று பொருள் கூறுகிறார். பிரபோத சந்திர பாக்சி 1934இல் பதிப்பித்த கௌலஞானநிர்ணயத்தில் கடலில் எறியப்பட்ட நூலை மீன் விழுங்க, அதை மீட்பதற்கு வலைஞன் வேடம் பூணவேண்டியிருக்கிறது. அங்குப் பேசப்படுபவன் மீனைப் பிடிப்பவன். மீனுக்குத் தலைவன் அல்லன். ஆக, மீன்களின் தலைவன் என்னும் பொருள் அந்த யோகியின் பெயருக்கே பிற்காலத்தில் ஏற்றப்பட்டது.

இங்கே மீன் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மத்ஸ்ய என்பது இந்தோ-ஆரியச் சொல். மீன என்பது அப்படியன்று. வடமொழியில் வழங்கும் மீன என்பது தமிழ் மீனோடு ஒத்த திராவிடச் சொல்லிலிருந்து சென்றது என்பதைப் பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி சுட்டுகிறது. மச்சேந்திரரின் மறுபெயராகவும், சில பட்டியல்களில் வேறொரு நாதராகவும் வரும் மீனநாதர் என்னும் பெயர் இமயத்தின் அடியில் ஒரு சிறு தேரில் ஏறி ஆண்டுதோறும் உலா வருகிறது. தமிழன் பெருமை பேச விரும்புவோர் வேண்டுமானால் இந்த ஒரு சொல்லோடு மனநிறைவு கொள்ளலாம். அதற்கு மேல் கேட்பது பேராசை.

அந்தச் சிறு தேரே மீன் கதையைக் கவிழ்க்கும் முதற் சான்று. செந்நிறத் தெய்வத்தின் பெருந்தேரோடு உடன் செல்லும் சிறு தேர்த் தெய்வத்தை நேபாளி பேசுவோர் மீனநாதர் என்பர். அந்நகரின் பழங்குடிகளான நேவார் மக்களோ சாக்குவாத்யோ என்பர். பெருந்தேர்த் தெய்வத்தை நேபாளி பேசுவோர் ராத்தோ மச்சிந்திரநாத் என்பர். நேவார் மக்கள் புங்கத்யோ என்பர். காட்மாண்டு நகரில் சனபாகா என்னும் பௌத்த விகாரத்திலிருந்து சைத்திர மாதத்தில் தேரேறும் வெண்ணிறத் தெய்வத்தை நேபாளி பேசுவோர் சேத்தோ மச்சிந்திரநாத் என்பர். நேவார் மக்கள் சனபாகாத்யோ என்பர். ராத்தோ என்பது ரக்த என்பதன் சிதைவு, சிவப்பு; சேத்தோ என்பது சுவேத என்பதன் சிதைவு, வெள்ளை. த்யோ என்பது நேவார் மொழியில் தெய்வம். வடமொழித் தேவ என்பதன் திரிபு. மூன்று தெய்வங்களுக்கும் தத்தம் இடத்தோடு ஒட்டிய பழம்பெயர் தனித்தனியே இருக்க, ஒரே யோகியின் மீன் பெயரை மூன்றாகக் கூறுபோட்டு, இரண்டை நிறத்தால் பிரித்து, மூன்றாவதற்கு மறுபெயரைக் கொடுத்திருப்பதைக் காணும் எவரும் இப்பெயர்கள் வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லத் தயங்கமாட்டார். ஒரு யோகி மூன்று தேரில் ஏறமுடியாது.

புங்கத்யோ என்றால் புங்கத்தின் தெய்வம். புங்கம் என்பது பாட்டனுக்குத் தெற்கேயுள்ள புங்கமதி என்னும் ஊர். அத்தெய்வம் ஆண்டில் ஒரு பகுதி அவ்வூரிலும் மறுபகுதி பாட்டன் நகரத்துத் தாபாகா விகாரத்திலும் தங்கும். இந்த ஊர்ப்பெயருக்கும் ஒரு நாட்டுப்புற விளக்கம் உண்டு. தெய்வத்தை எங்கே இருத்துவது என்று ஐயம் எழுந்தபோது நாய் வடிவில் வந்த தெய்வம் ஒன்று 'பூ' என்று குரைத்ததாம். பூ என்பது பிறப்பைக் குறிக்கும் நேவார்ச் சொல்லாகையால் இதுவே பிறந்த இடம் என்று, தெய்வத்தை அழைத்துவந்த ஆசாரியர் உணர்ந்தாராம். நாய் குரைத்து ஊர்ப்பெயர் பிறந்ததாக நம்புவோரோடு வழக்காட வேண்டுவதில்லை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்சுவர்மன் அளித்த கல்வெட்டில் இவ்வூர் பூகாயூமி கிராமம் என்று காணப்படுகிறது. அக்காலத்தில் நேபாளத்தை ஆண்ட லிச்சவி மன்னர்கள் தம் சாசனங்களைப் பிழையற்ற வடமொழியில் எழுதியும் ஊர்ப்பெயர், ஓடைப்பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டுவைத்தனர் என்பதையும், அவற்றுட் பெரும்பாலானவை வடமொழி அல்ல, திபெத்திய-பர்மிய இனத்தைச் சேர்ந்தவை என்பதையும் கமல் பிரகாஷ் மல்லா விரிவாகக் காட்டியுள்ளார். பூகாயூமி அவற்றுள் ஒன்று. அது பூகம என்றும் பின்னர் புங்க என்றும் தேய்ந்தது. இறுதியிலுள்ள மதி, காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஓடும் பாக்மதி, விஷ்ணுமதி ஆறுகளின் பெயரைப் பார்த்து ஒட்டிய வாலாகவே தோன்றுகிறது. புங்கமரம் நின்ற ஊர் என்று தமிழர் எவரேனும் எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

பெயரின் படிநிலைகளைக் காலவரிசையில் வைத்தால் மீன் எங்கும் தென்படவில்லை என்பது தெளிவாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள, 1015ஆம் ஆண்டைச் சேர்ந்த எண்ணாயிரம் பிரஞ்ஞாபாரமிதை ஓலைச்சுவடியில் புகழ்பெற்ற பௌத்தத் திருமேனிகளின் சிறு ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் கீழ் நேபாளத்துப் பூகம லோகேசுவரர் என்று எழுதப்பட்டிருக்கிறது. லோகேசுவரர் என்பது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் மறுபெயர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த திபெத்தியப் பிக்கு தர்மசுவாமி, புகம் என்னும் விகாரத்தில் சந்தன மரத்தாலான, செந்நிறமான, ஐந்து வயதுச் சிறுவன் தோற்றமுள்ள அவலோகிதர் திருமேனியைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கோபாலராச வம்சாவளி, நரேந்திரதேவ மன்னனும் பந்துதத்த ஆசாரியரும் பூகம லோகேசுவரருக்கு விழாவெடுத்ததைக் கூறுகிறது. ஒரு நாட்டு வரலாறும், ஒரு வெளிநாட்டார் குறிப்பும், ஒரு சுவடியும் ஒரே குரலில் புங்கத்து லோகேசுவரர் என்று சொல்லுமிடத்தில், மச்சேந்திரர் தொன்றுதொட்டே அங்கிருந்தார் என்பவர் அதற்கு ஓர் எழுத்துச் சான்றாவது காட்டவேண்டும். இத்தெய்வத்தின் வழிபாட்டைப் பற்றி 1980இல் விரிந்த நூல் எழுதிய இயேசுசபைத் துறவி ஜான் லாக் தேடியும், மச்சேந்திரர் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டுகிறது. பாட்டன் மன்னன் சிறீநிவாச மல்லன் காலத்துக் கல்வெட்டு, யோகியர் இத்தெய்வத்தை மச்சேந்திரர் என்றும் சாக்தர் சக்தி என்றும் பௌத்தர் லோகேசுவரர் என்றும் கூறுவதாக மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறது. அங்கேயும் மச்சேந்திரர் என்பது யோகியர் மட்டும் இட்ட பெயராகவே இருக்கிறது. அரசன் ஒருவர் பக்கமும் சாயவில்லை.

அவ்வாறாயின் யோகியர் ஏன் இந்தத் தெய்வத்திற்கு அந்தப் பெயரை இட்டனர் என்பதே கேள்வி. விடை தேரோட்டத்தின் தோற்றக் கதையில் இருக்கிறது. மச்சேந்திரரின் சீடரான கோரக்கநாதர் மழையைத் தரும் நாகங்களைத் தமக்கு இருக்கையாக்கி அமர்ந்துவிட, பன்னிரண்டு ஆண்டு மழையற்றுப்போன நாட்டைக் காக்க நரேந்திரதேவனும் பந்துதத்தரும் ஓர் உழவனுமாக மூவர் காமரூபம் சென்று தெய்வத்தை அழைத்துவந்தனர் என்பது கதை. குரு வந்தால் சீடன் எழுந்து வணங்கியாக வேண்டும், எழுந்தால் நாகங்கள் விடுபடும், மழை பொழியும். கதைக்கு ஒரு குரு தேவைப்படுகிறார், கோரக்கருக்குக் குரு மச்சேந்திரர் ஒருவரே. ஆகவே புங்கத்துத் தெய்வம் மச்சேந்திரர் ஆகவேண்டியதாயிற்று. மச்சேந்திர யோகியின் கௌல நெறி காமரூபத்தோடு தொடர்புடையதென்பதும், தெய்வம் அழைத்துவரப்பட்ட இடமும் அதுவே என்பதும் இப்பெயர் ஒட்டுவதற்கு நல்ல பசையாயின. மீனுக்கு இதில் வேலையே இல்லை. அதே கதையில் தெய்வம் பந்துதத்தரின் மந்திரத்திற்குக் கட்டுப்பட்டுக் கலசத்துக்குள் புகுந்தது வண்டு வடிவில்தான். மீனாக இருந்த தெய்வம் என்றால் நீர்க்கலசத்துக்குள் மீனாகவே புகுந்திருக்கலாம். வண்டாக வந்ததற்கு வேறென்ன காரணம்? 1768, 1769ஆம் ஆண்டுகளில் பள்ளத்தாக்கைக் கைப்பற்றிய ஷா அரசர்கள் கோரக்கநாதரைக் குலதெய்வமாகக் கொண்டு தம் நாணயங்களிலும் அவர் பெயரைப் பொறித்தவர்கள். அவர்களின் கூர்க்கா என்னும் ஊர்ப்பெயரே கோரக்கர் பெயரிலிருந்து வந்தது என்பர். சீடர் பெயர் அரியணையேறிய நாட்டில் குருவின் பெயர் தேரேறியதில் வியப்பில்லை.

தேரோட்டத்தை அங்கே ஜாத்ரா என்பர். யாத்ரா என்னும் சொல்லின் முதல் யகரம் ஜகரமாக ஒலிப்பது வட இந்திய மொழிகளில் இயல்பு. யோகி ஜோகியானதும் அப்படியே. கன்னடத்தில் ஜாத்ரெ, தெலுங்கில் ஜாதர, தமிழகத்தின் வட எல்லையில் ஜாத்திரை என்று அம்மன் கொடைகளுக்கு வழங்குவதும் இச்சொல்லே. தமிழ் செய்யுளில் யாத்திரை என்றால் பயணம், பேச்சில் ஜாத்திரை என்றால் திருவிழா என ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து வாழ்கிறது. ரத என்பது இலத்தீன் ரோட்டாவோடு, அதாவது சக்கரத்தைக் குறிக்கும் சொல்லோடு, உறவுடையது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பகிர்ந்துகொள்ளும் தேர் என்பது அதனோடு தொடர்பற்ற தனிச்சொல். பாட்டன் தேரைப் பார்த்தால் சக்கரப் பொருள் ஏன் முதன்மை பெற்றது என்பது விளங்கும்: ஏறத்தாழ 60 அடி உயரத்திற்கு மூங்கிலும் பிரம்பும் கொண்டு கட்டி, பசுந்தழை போர்த்திய கோபுரம் காற்றிலே சாய்ந்தாட, அதைத் தாங்கும் நான்கு பெருஞ்சக்கரங்களில் பைரவரின் கண்கள் தீட்டப்பட்டிருக்கும். மரவேலை பாராகி குலத்தார்க்கு உரியது, பிரம்பும் கயிறும் யங்வால் குலத்தார்க்கு. முன்புறம் வளைந்து நீளும் பெருமரத்தின் நுனியில் பைரவர் முகம் பொருத்தப்படும். சங்கப் பாடல்களில் பழகியவர்க்குத் தேரின் முன்னே நிற்கும் கொடுஞ்சி நினைவுக்கு வரும், கொடு என்பதற்கு வளைவு என்பது பொருளாகையால். ஆனால் நினைவுக்கு வருவது வேறு, உறவு காட்டுவது வேறு.

பாட்டன் என்பதுகூடப் பட்டண என்பதன் வடிவம். தமிழர்க்குப் பட்டணமாகவும் பட்டினமாகவும் இருபிரிவாகப் பழகிய சொல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர் பாட்டனில் அன்றிப் புங்கமதியிலேயே கட்டப்பட்டு அங்கிருந்து இழுத்துவரப்படும். மச்சேந்திரரின் தேர் என்றால் இந்தச் சடங்குக்குப் பொருளில்லை. புங்கத்துத் தெய்வத்தின் தேர் என்றால் தன் ஊரிலிருந்து புறப்படுவது இயல்பு. 2015 அத்தகைய ஆண்டு. அவ்வாண்டு தேர் புங்கமதியை விட்டு வெளியேறிய சில நாளில், ஏப்ரல் 25ஆம் நாள் நிலநடுக்கம் வந்தது. புங்கமதிக் கோயில் இடிந்து விழுந்தது, தெய்வம் வழியில் தேரின்மேல் இருந்தது.

தமிழர்க்கு இத்தெய்வத்தோடு உண்மையான உறவு வேண்டுமானால் அது மச்சமுனி வழியாக வருவதன்று, அவலோகிதர் வழியாக வருவது. அகத்தியர்க்குத் தமிழ் உரைத்தவர் அவலோகிதர் என்று 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியத்தில் சொன்னார். 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி சுவான்சாங் அவலோகிதர் உறையும் பொதலக மலையைத் தெற்கே மலகூட நாட்டில் வைத்தார். பொதியிலும் பொதலகமும் ஒன்றெனக் கொள்வோர் கூறும் வாதத்தில் வலுவுண்டு. நேவார் மக்கள் அவரைச் சமய வேற்றுமை பாராமல் கருணாமயர் என்று விளிப்பர். தேரிலிருப்பவர் அவரே, மச்சேந்திரர் என்பது கோரக்கர் எழுந்து நிற்க வேண்டுமென்பதற்காக யோகியர் கொடுத்த பெயர். மச்சமுனியைத் திருப்பரங்குன்றத்துச் சுனையில் மீன்களோடு இருக்க விட்டுவிடுமாறு சித்தர் வரலாறு எழுதுவோரைக் கேட்டுக்கொள்ளலாம்.