படி எடுப்பவர்கள்: பாலித் தீவின் எழுத்து கணினிக்கு வந்த கதை

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, பாலித் தீவின் ஓலைச்சுவடிகளைப் பற்றி இணையத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீவின் எழுத்திலேயே தட்டச்சு செய்யப்பட்ட ஒரு வரி கண்ணில் பட்டது. சுருள் சுருளாக, ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும் எழுத்துகள். அதை அப்படியே நகலெடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "என்னடா இது, வெறும் கட்டம் கட்டமா வருது?"

அவனுடைய பழைய போனில் அந்த எழுத்துக்கான எழுத்துரு இல்லை. இப்படி வரும் வெற்றுக் கட்டங்களை எழுத்துரு செய்பவர்கள் 'டோஃபு' என்கிறார்கள், சோயா பால்கட்டித் துண்டு மாதிரி இருப்பதால். கூகுளின் 'நோட்டோ' எழுத்துருக் குடும்பத்தின் பெயரே 'டோஃபு வேண்டாம்' என்பதன் சுருக்கம்தான். அதில் பாலித் தீவின் எழுத்துக்கும் இடம் உண்டு. ஆனால் நண்பனின் போனுக்கு அது வந்து சேரவில்லை.

எனக்கு அந்தக் கட்டங்கள் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பாமினியில் ஒரு கதையை அடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அங்கே அதைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது ஆங்கில எழுத்துகளின் குப்பை. அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நான் எழுதியது இருந்தது, ஆனால் இல்லை. அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. பாலித் தீவின் எழுத்து கணினிக்குள் எப்படி வந்தது என்று நான் தேட ஆரம்பித்தது அந்த எரிச்சலால்தான்.

(பாலி என்றதும் புத்தரின் பாலி மொழியை நினைத்துவிட வேண்டாம். இது இந்தோனேசியாவில், ஜாவாவுக்குக் கிழக்கே இருக்கும் தீவு. அங்கே இந்த எழுத்துக்கு 'அக்சர பாலி' என்று பெயர்.)

தேடப்போன இடத்தில் முதலில் கண்டது ஒரு கொம்பு. தமிழில் 'கொ' எழுத என்ன செய்கிறோம்? இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். பாலி எழுத்திலும் அதேதான். இடப்பக்கம் வரும் குறிக்கு 'தாலெங்', வலப்பக்கக் குறிக்கு 'தெடொங்'. இரண்டும் சேர்ந்தால் ஒகரம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் இடைவெளியைத் தாண்டி இந்தப் பழக்கம் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. தென்னிந்திய பிராமியின் ஒரு கிளை, நாம் பொதுவாகப் பல்லவ எழுத்து என்று அழைப்பது, கடல் கடந்தது. இந்தோனேசியாவில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகள், கி.பி. 400 வாக்கில் கிழக்குக் கலிமந்தானின் கூத்தாய் பகுதியில் மூலவர்மன் என்ற அரசன் நிறுத்திய யூபத் தூண்கள், அந்த எழுத்தில் இருக்கின்றன. அது ஜாவாவில் 'கவி' எழுத்தானது. கவியிலிருந்து ஜாவா எழுத்தும் பாலி எழுத்தும் கிளைத்தன.

உடனே "பாத்தியா, நாமதான் குடுத்தோம்" என்று மீசையை முறுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூத்தாய் தூண்களின் மொழி சமஸ்கிருதம், தமிழ் அல்ல. தவிர, வாங்கிக்கொண்டவர்கள் அதைத் தங்கள் மொழிக்கு ஏற்றபடி வளைத்தார்கள். பாலியின் சானூர் கடற்கரையருகே கி.பி. 914-ஐச் சேர்ந்த பிளாஞ்சோங் தூண் நிற்கிறது. ஸ்ரீ கேசரி வர்மதேவன் நாட்டியது. அதில் சமஸ்கிருதம் கவி எழுத்திலும், பழைய பாலி மொழி வட இந்திய நாகரி எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டு விளையாடிய ஊர் அது.

எழுதுபொருளும் நமக்குத் தெரிந்ததுதான். பனையோலை. 'ரோன்' என்றால் இலை, 'தால்' என்றால் பனை. ரொந்தால் என்ற சொல் திரிந்து 'லொந்தார்' ஆனது. 'பெங்ருபாக்' என்ற கத்தியால் ஓலையில் கீறி, கெமிரிக் கொட்டையைக் கருக்கிய கரியையும் எண்ணெயையும் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழுந்து வரும். நம்மூரில் எழுத்தாணியும் விளக்குக் கரியும் செய்த அதே வேலை.

அதே வேலை என்றால் அதே பிரச்சினையும் உண்டு. ஈரமும் பூச்சியும் மிகுந்த தீவில் ஓலைக்கு ஆயுள் ஒன்றிரண்டு நூற்றாண்டு. ஆகவே பாலியில் ஒரு நூல் பிழைத்திருக்கிறது என்றால், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் படி எடுத்திருக்கிறார் என்று பொருள்.

இதற்குப் பெரிய உதாரணம் 'தேசவர்ணனா'. நாகரகிருதாகமம் என்று பரவலாக அறியப்பட்ட நூல். ஜாவாவின் மஜாபாஹித் பேரரசைப் பற்றி அரசவையிலிருந்த பிரபஞ்சா 1365-ல் எழுதியது. மஜாபாஹித் விழுந்தது. ஜாவாவில் அந்த நூலின் சுவடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1894-ல் டச்சுப் படை லொம்போக் தீவின் சக்ரநகர அரண்மனையைத் தாக்கி அழித்தபோது, உடன் போயிருந்த பிராண்டஸ் என்ற மொழியறிஞர் அங்கிருந்த சுவடிகளைத் தீயிலிருந்து காப்பாற்றினார். அந்தக் குவியலில் இருந்தது தேசவர்ணனா. லொம்போக்கை அப்போது ஆண்டவர்கள் பாலிக்காரர்கள். சுவடி பாலி எழுத்தில் இருந்தது. பேரரசு போய்ப் பல தலைமுறைகளுக்குப் பிறகு, வேறொரு தீவில், யாரோ ஒரு பாலிக்காரர் அதைப் பொறுமையாகக் கீறியிருக்கிறார். லெய்டனுக்குப் போன அந்தச் சுவடி 1970-களில் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. பாலியிலும் பின்னர் வேறு படிகள் கிடைத்தன. இன்று அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். காத்து வைத்தது ஓலை அல்ல, படி எடுத்தவர். கணினி வந்த பிறகும் இது மாறவில்லை.

1928-ல் பாலியின் வடக்கே சிங்கராஜாவில் ஒரு சுவடி நூலகம் தொடங்கப்பட்டது. இன்று கெடொங் கீர்த்யா என்று பெயர். அங்கே செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. வீடுகளில் இருந்த சுவடிகளை இரவல் வாங்கி, புதிய ஓலையில் படி எடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே லத்தீன் எழுத்தில் தட்டச்சும் செய்தார்கள். இந்த இரண்டாவது காரியம்தான் பிற்பாடு பெரிதானது. டச்சுக்காரர்களின் பள்ளிகளிலும், சுதந்திர இந்தோனேசியாவின் பள்ளிகளிலும் லத்தீன் எழுத்தே படிப்புக்கு உரியது. பாலி மொழி பேசுபவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் போனில் எழுதிக்கொள்வது லத்தீனில். அக்சர பாலி பள்ளியில் ஒரு பாடமாகவும் கோயில் காரியமாகவும் ஒதுங்கியது.

அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இ மாதே சுவாத்ஜானா. அவர் உருவாக்கிய 'பாலி சிம்பார்' எழுத்துரு, நம் பாமினியைப் போன்றது. லத்தீன் எழுத்துகளின் இடத்தில் பாலி வடிவங்களை உட்கார வைத்தது. அச்சடிக்க அருமை. எழுத்துரு இல்லாத கணினியில் குப்பை. அதோடு கணினியைப் பொறுத்தவரை அது பாலி மொழியே அல்ல. தேட முடியாது, அகரவரிசையில் அடுக்க முடியாது.

2005-ல் அதே சுவாத்ஜானாவும், எழுத்துக் குறியேற்ற வல்லுநர் மைக்கேல் எவர்சனும் சேர்ந்து யூனிகோடுக்கு ஒரு முன்மொழிவை அளித்தார்கள். 2006-ல் வெளியான யூனிகோட் 5.0-இல் பாலி எழுத்து இடம்பெற்றது. மொத்தம் 121 குறிகள்.

இந்த 121 என்ற எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாலி மொழிக்குத் தேவையான அடிப்படை மெய்கள் 18தான். அப்படியானால் மீதி? கவி, சமஸ்கிருத நூல்களுக்கான எழுத்துகள். உயிர்க்குறிகள், எண்கள். பக்கத்துத் தீவான லொம்போக்கின் சசாக் மொழிக்கான எழுத்துகள். அப்புறம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது, கமெலான் இசைக்கான 28 குறிகள். சுரங்கள் மட்டுமல்ல, மத்தளத்தில் வலது கையின் 'டுக்', 'டுக்' அல்லாத 'துக்', இடது கையின் 'பிளாக்' வரை தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். ஓர் எழுத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு முன், அந்த எழுத்து எதுவரை என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். சுவடிகளோடு புழங்கியவர் அந்த முன்மொழிவில் இருந்ததால்தான் 18-ஓடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

எண் கொடுத்தால் மட்டும் எழுத்து திரையில் வந்துவிடாது. தமிழில் சொல்லின் நடுவே மெய் வந்தால் புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். பாலியில் அதற்கு 'அதெக்-அதெக்' என்ற குறி இருக்கிறது, ஆனால் நடுவில் அதை முடிந்தவரை போடமாட்டார்கள். அடுத்த மெய் உருமாறி முந்தையதன் அடியில் தொங்கும். 'கந்துங்கன்', தொங்குவது என்றே பெயர். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஒரு சொல்லின் கடைசி மெய்யில் அடுத்த சொல்லின் முதல் எழுத்து தொங்கலாம். மூன்று அடுக்கு வந்துவிட்டால் மட்டும் வழக்கத்தை மீறி அதெக்-அதெக் போடுவார்கள். இதையெல்லாம் ஓலையில் கை பழகிக்கொள்ளும். எழுத்துருவுக்கு ஒவ்வொன்றையும் விதியாக எழுதிச் சொல்லித் தர வேண்டும். கூகுளின் எழுத்துரு உட்பட நல்ல எழுத்துருக்கள் வர, குறியேற்றத்துக்குப் பிறகு வருடங்கள் பிடித்தது இதனால்தான்.

2011-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ், பாலியின் அரசுச் சேகரிப்பிலிருந்த லொந்தார்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தது. மருத்துவம், வம்ச வரலாறு, பஞ்சாங்கம், காவியம் எல்லாம் இருக்கிறது, இலவசமாக. நான் இரவுகளில் திறந்து பார்த்தவை அவைதான். ஆனால் அவை படங்கள். படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஸ்கேன் என்பது ஓலையைப் படி எடுத்தது. அதில் இருப்பதைப் படி எடுக்க ஒருவர் வாசித்து, எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். பின்னாளில் அதற்கான விக்கி ஒன்றும் உருவானது. ஆர்வலர்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலி எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். பழைய வேலைதான். கத்திக்குப் பதில் விசைப்பலகை.

2018-ல் பாலி மாகாண அரசு ஒரு ஆணை போட்டது. அலுவலகப் பெயர்ப்பலகைகளில் லத்தீனுக்கு மேலே அக்சர பாலி இருக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் பாலி மொழியில் பேச வேண்டும். பிப்ரவரி, பாலி மொழி மாதம். நல்லதுதான். ஆனால் பலகை எழுதுபவர் லத்தீனில் இருக்கும் பெயரை மென்பொருளில் போட்டு மாற்றினால் போதுமா? லத்தீனில் 'எ' என்று ஒன்றாக எழுதப்படுவது பாலியில் இரண்டு ஒலி, இரண்டு குறி. மூன்று வகை 'ஸ' லத்தீனில் ஒன்றாகிவிடுகிறது. எது எங்கே வரும் என்பது வாசித்துப் பழகியவருக்குத்தான் தெரியும். மென்பொருளுக்கு அகராதி வேண்டும், அகராதிக்கு அந்த மனிதர் வேண்டும்.

"லத்தீன்ல எழுதினா என்ன குறைஞ்சுபோச்சு?" என்று நண்பன் கேட்டான். அன்றாடப் பேச்சுக்கு ஒன்றும் குறையவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. குறைவது வேறு இடத்தில். 210 நாட்களுக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை, பாலியில் சரஸ்வதி நாள் வரும். வீட்டிலுள்ள லொந்தார்களை எடுத்து வைத்துப் பூஜை செய்வார்கள். அன்று பூஜை முடியும்வரை படிப்பதோ எழுதுவதோ கூடாது. புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு "இன்னிக்குப் படிக்கக் கூடாது" என்று குதித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல வீடுகளில் அந்த லொந்தார் மற்ற நாட்களிலும் திறக்கப்படுவதில்லை. புனிதமானது, தொட பயம். அதை வாசிக்கத் தெரிந்த தாத்தா போய்விட்டார். உள்ளே மருந்துக் குறிப்பா, குடும்ப வரலாறா என்று வீட்டாருக்கே தெரியாது. 2016 முதல் மாகாண அரசு நியமித்த பாலி மொழிப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய், அந்தச் சுவடிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, என்ன நூல் என்று வாசித்துச் சொல்கிறார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு ஏடு விட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த வருகையின் மதிப்பு புரியும்.

கடைசியாக ஒன்று. பாலியில் எழுத்துக்கு உயிர் உண்டு என்று நம்புகிறார்கள். லொந்தாரில் தவறாகக் கீறிவிட்டால் அழிக்க முடியாது. அதனால் அந்த எழுத்தின் தலையில் 'உலு' என்ற இகரக் குறியையும், அடியில் 'சுகு' என்ற உகரக் குறியையும் சேர்த்துப் போடுவார்கள். ஒரே நேரத்தில் இ-யும் உ-வுமாக எதையும் உச்சரிக்க முடியாது. எழுத்து செத்தது என்று பொருள். இப்படி எழுத்துகளைக் கொன்றதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

போன மாதம் பாலி விசைப்பலகையை நிறுவி அ, ஆ பழகுவது போல உட்கார்ந்தேன். மூன்றாவது எழுத்தே தப்பு. பின்னழிப்பு விசைக்குப் போன விரலை நிறுத்திவிட்டு, உலுவும் சுகுவும் போட்டேன். திரையில் வந்தது. நண்பனுக்கு அனுப்பினேன். புதுப் போன் வாங்கியிருக்கிறான்.

"கட்டம் வரலடா," என்றான். "என்ன எழுதியிருக்கே?"

"தப்பா எழுதியிருக்கேன்," என்றேன். அதைச் சொல்லவாவது எனக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.