ரீஜென்சி நாவல்களும் அவை காட்டாத காலமும்

கவிதையையே பெரிதும் பேசிவந்த நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில், ஆங்கிலக் காதல் நாவல்களையும் மர்ம நாவல்களையும் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். நம் மாதக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் இவற்றைப் பொழுதுபோக்குக் குப்பையென ஒரே சொல்லில் ஒதுக்கியபோது நான் வாய்மூடி இருந்துவிட்டேன். வாடகை நூல்நிலையத்திலிருந்து கொணர்ந்த அட்டை கிழிந்த பிரதிகளோடு எத்தனையோ இரவுகளைக் கழித்தவன் நான். அதை ஒப்புக்கொள்ளும் துணிவு அன்று எனக்கு இல்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்க விழைகிறேன். ஆயினும் நண்பர் சொன்னது முற்றும் தவறு என்று சாதிக்கவும் என்னால் இயலாது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயால் ஆளும் ஆற்றல் இழந்ததால், அவருடைய மூத்த மகன் வேல்ஸ் இளவரசர் 1811 பிப்ரவரியில் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்க, இளவரசர் நான்காம் ஜார்ஜாக முடிசூடினார். இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளே ரீஜென்சி எனப்படும் பதிலாட்சிக் காலம். ஒன்பதே ஆண்டுகள்! அவற்றை நிலைக்களமாகக் கொண்டு எழுந்த நாவல்களோ எண்ணி மாளாதவை.

அக்காலத்தில் வாழ்ந்தே எழுதியவர் ஜேன் ஆஸ்டின். 1811 முதல் 1815 இறுதி வரையிலான சிறு இடைவெளியில் அவருடைய நான்கு நாவல்கள் பெயர் போடாமலே வெளிவந்தன. இளவரசரைத் தாம் வெறுப்பதாகக் கடிதத்தில் எழுதிய அவரே, 'எம்மா'வை அந்த இளவரசருக்குக் காணிக்கையாக்க நேர்ந்தது. அரண்மனையிலிருந்து குறிப்பு வந்தபின் மறுக்க வழியில்லை. இவ்வொரு செய்தி அக்காலத்தை உணர்த்துமளவிற்குப் பல வரலாற்று நூல்கள் உணர்த்துவதில்லை என்பேன். ஆஸ்டின் தம் காலத்து உடைகளையும் வண்டிகளையும் விரித்துரைப்பதில்லை. அவருடைய வாசகர் அவற்றை நாள்தோறும் கண்டவர்கள். விரித்துரைக்க வேண்டிய தேவை ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவருக்கே ஏற்பட்டது.

அவ்வாறு வந்தவர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974). 1935-இல் வெளியான 'ரீஜென்சி பக்' என்னும் நாவலே இந்த வகைக்குத் தாய் எனலாம். பெற்றோரை இழந்த செல்வக்குடி அக்காளும் தம்பியும் லண்டனுக்கு வருகிறார்கள். தம்பியின் உயிருக்கு யாரோ குறிவைக்கிறார்கள். பாதுகாவலராக அமைந்த பிரபுவின் மீதே ஐயம் படர்கிறது. காதலும் மர்மமும் தொடக்கத்திலேயே ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டன என்பதற்கு இந்நூலே சான்று. உடை, வண்டி, மூக்குப்பொடி, கொச்சைச் சொல் என ஒவ்வொன்றையும் குறிப்பேடுகளில் வரைந்தும் எழுதியும் சேர்த்தவர் ஹேயர். 1937-இல் வாட்டர்லூ போரைப் பொருளாக்கி அவர் எழுதிய 'ஆன் இன்ஃபமஸ் ஆர்மி'யின் போர்க்களப் பகுதி, படைநூல் கற்றோரும் பாராட்டியது.

கவிஞர்கள் சுவைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. வேறொரு நாவலாசிரியர் தம் நூல்களிலிருந்து எடுத்தாள்கிறார் என்று 1950-இல் ஹேயர் குற்றஞ்சாட்டினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஒரேயொரு சொற்றொடர். பொதுமக்கள் கைக்கு எட்டாத, தனியார் அச்சிட்ட நினைவுக்குறிப்பு ஒன்றில் தாம் கண்டெடுத்த அவ்வழக்கு, பிறருக்கு எங்ஙனம் கிடைத்தது என்பதே அவர் வினா. திருட்டைத் துப்பறிய ஒரு சொல் கைரேகையாயிற்று!

இந்நாவல்களின் கதைப் பின்னல் வெறும் கற்பனை என்று கருதுவோர் அக்காலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் அகப்பாடல்களில் உடன்போக்கு ஒரு துறை. இந்நாவல்களில் காதலர் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடுவதற்கு ஒரு சட்டமே காரணம். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவு வேண்டும் என்ற 1753-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. எல்லையைக் கடந்தவுடன் வரும் ஊர் கிரெட்னா கிரீன். பெண் மணம் புரிந்தால், முன்னேற்பாடாக எழுதிவைத்த ஆவணம் இல்லாதவிடத்து, அவளுடைய பணமும் நகையும் கணவனைச் சேரும். நிலமோ மூத்த மகனுக்கு. ஆகவே செல்வியைக் கடத்துவதற்கும், மூத்தவனைக் கொல்வதற்கும் காரணம் தேடி ஆசிரியர் அலைய வேண்டியதில்லை.

கொலை நடந்தால் துப்பறிவது யார்? லண்டன் மாநகரக் காவல்துறை 1829-இல்தான் தோன்றியது. அதற்குமுன் இருந்தவற்றுள் பெயர்பெற்றது, நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் 1749-இல் தொடங்கிவைத்த போ வீதி நீதிமன்றத்தின் சிறு படை. பெருங்குற்றவாளி ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தால் 40 பவுன் அரசுப் பரிசு என்ற ஏற்பாடு 1818 வரை நீடித்தது. பரிசுக்காக நிரபராதிகள் சிக்கவைக்கப்பட்டதும் உண்டு. 1811 டிசம்பரில் ராட்கிளிஃப் நெடுஞ்சாலைப் பகுதியில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரு வீடுகளில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒன்று கைக்குழந்தை. ஐயத்தின் பேரில் சிறையிலிடப்பட்ட ஜான் வில்லியம்ஸ் விசாரணை முடியுமுன் தூக்கில் தொங்கிக் கிடந்தான். அவன் பிணத்தை வண்டியிலேற்றி ஊர்வலமாகக் கொண்டுசென்று நாற்சந்தியில் புதைத்தார்கள். உண்மைக் குற்றவாளி அவன்தானா என்ற ஐயம் இன்றளவும் தீரவில்லை. சி.எஸ். ஹாரிஸ் 2005-இல் தொடங்கிய மர்மத் தொடரின் முதல் நூலில், பதிலாட்சி தொடங்கவிருக்கும் 1811-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பிரபுவின் மகனே கொலைப்பழி சுமந்து ஓடுகிறான். முறையான காவல்துறை இல்லாத ஊரில் தன்னைத் தானே துப்பறிந்து மீட்டுக்கொள்வதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. ஆஸ்டினையே துப்பறிபவராக்கி ஸ்டெஃபனி பாரன் 1996 முதல் எழுதிய நூல்களும் இன்பமானவை. எனினும் ஆஸ்டின் இத்தனை பிணங்களைக் கண்டிருந்தால் எழுத நேரம் வாய்த்திருக்குமா என்று கேட்கத் தோன்றும்.

நண்பரின் பக்கத்து நியாயத்திற்கு இனி வருகிறேன். இங்கிலாந்தில் அன்று டியூக் பட்டம் தாங்கியோர் சில பத்துப் பேரே. நாவல்களிலோ தடுக்கி விழுந்தால் ஒரு டியூக். அப்பட்டங்களின் நிழலில் மறைந்துபோனவர்கள் எத்தனை பேர்! 1811-இல் நாட்டிங்ஹாம் பகுதி நெசவாளர்கள் பசி தாளாது தறிகளை உடைத்தனர். அதற்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை ஆற்றியவர் கவிஞர் பைரன். சட்டம் நிறைவேறியது. 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. அதிகாரிகளுக்கு இளவரசர் நன்றி தெரிவித்தார். இத்தாலியிலிருந்த ஷெல்லி கொதித்தெழுந்து பாடிய நெடும்பாட்டு, அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1832-இல்தான் அச்சேற முடிந்தது. நடன அரங்கின் மெழுகுவர்த்தி ஒளியில் இவை தெரிவதில்லை. ஹேயரின் 'தி கிராண்ட் சோஃபி'யில் (1950) வரும் யூத வட்டிக்கடைக்காரர் சித்திரம் எனக்குக் கூசும்படி இருந்தது. ஐரோப்பாவில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டு ஐந்தாண்டுகளே கழிந்த நிலையில் எழுதப்பட்டது அது. பிடித்த ஆசிரியர் என்பதற்காக அதை நான் மறைக்கலாகாது.

இவ்வுலகம் நம்மவர்க்குப் புதிதுமன்று. இந்த வேல்ஸ் இளவரசரின் களியாட்டங்களைப் பொருளாகக் கொண்ட 'லண்டன் அரண்மனை மர்மங்க'ளை 1848 முதல் எழுதியவர் ரெயினால்ட்ஸ். ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் தழுவித் தந்ததன் வழியே, ரெயினால்ட்ஸின் கதையுலகம் நம் பாட்டன்மாரின் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு தொடர்பு மிகவும் அண்மையானது. ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா தாய்தந்தையரை இழந்தவர். லண்டனில் தொப்பி தைப்பவரிடம் தொழில் பயின்றவர். சீதனமில்லாத அப்பெண் இருபத்தொரு வயதில், 1752-இல், கணவன் தேடிச் சென்னைக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு பிப்ரவரியில் நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். நாவல்களில் இந்தியா என்றால், செல்வத்தோடு திரும்பும் ஒரு சிற்றப்பா, அவ்வளவே. கடலூர்க் கோட்டையில் நடந்த அம்மணத்தைப் போன்றதொன்றை ஆஸ்டின் தம் பதினாறாம் வயதில், 1792-இல், எழுதத் தொடங்கிய கதையில் தொட்டுக்காட்டுகிறார்: வங்காளத்திற்கு அனுப்பப்பட்டு, தன்னைப்போல் இருமடங்கு வயதுடையவனை மணந்து, வளத்தோடும் துயரத்தோடும் வாழும் ஒரு பெண். அக்கதையை அவர் முடிக்கவில்லை.