ஏக்கர் நிலமும் எழுதித் தந்த சுதந்திரமும்

நாடுகடத்தியும் திரும்பி வந்தார் என்பதற்காக, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்மணியை 1660-ல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 21 ஆண்டுகள் கழித்து, அதே அமெரிக்காவில் ஒரு குவேக்கர் கைக்கு ஏறத்தாழ இங்கிலாந்து அளவுக்கு நிலம் வந்து சேர்ந்தது.

கொடுத்தவர் மன்னர் இரண்டாம் சார்லஸ். குவேக்கர்கள் மேல் அவருக்கு இருந்த பாசத்தால் அல்ல, கடனால். கடற்படைத் தளபதி சர் வில்லியம் பென்னுக்கு அரசு தரவேண்டிய பாக்கி சுமார் 16,000 பவுண்டு. தளபதி இறந்துவிட்டார். மகன் வில்லியம் பென் பணத்துக்குப் பதில் நிலம் கேட்டார். 1681 மார்ச் 4-ல் பட்டயம் கிடைத்தது. பென்சில்வேனியா பிறந்தது.

மகன் பென் சேர்ந்திருந்த கூட்டம், யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றாதது, ஆயுதம் தொடாதது, நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யாதது. அதற்காக இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறைக்குப் போனார்கள். பென்னும் லண்டன் டவரில் அடைபட்டவர்தான். யாரும் யாரையும் வழிபாட்டுக்காகச் சிறையில் தள்ளாத ஒரு நாட்டை உண்டாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கையில் இருந்தது காடு. குடியேற ஆள் வேண்டும்.

அந்த ஆண்டே ஒரு சிறு பிரசுரம் அச்சாகி வெளியானது. என்னைப் பொறுத்தவரை பென்னின் மேதைமை தெரிவது இந்தப் பிரசுரத்தில்தான். அதில் விலைப்பட்டியல் இருந்தது. 5,000 ஏக்கர் வாங்க 100 பவுண்டு. பிறகு நூறு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங். வாங்க வசதியில்லாதவருக்கு 200 ஏக்கர் வரை குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி. ஒப்பந்த வேலையாளாகப் போகிறவனுக்குக்கூட, காலம் முடிந்ததும் 50 ஏக்கர். கப்பல் கட்டணம் குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் ஆறு பவுண்டு, வேலையாளுக்கு ஐந்து, பால்குடிக் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

இதோடு விட்டிருந்தால் அது வெறும் நில விற்பனை விளம்பரம். பென் அடுத்துச் செய்தது அபூர்வமான காரியம். இரண்டு மூன்று வருடம் வீட்டு வசதிகளை மறந்துவிட வேண்டும், கோடை வருவதற்கு முன் குளிர்காலம் வரும் என்று எச்சரித்தார். அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், உறவினர்களின் சம்மதம் பெற்று வாருங்கள் என்றார். சிறையும் அபராதமும் பார்த்துச் சலித்த மக்கள், இப்படி உள்ளதைச் சொன்னவரை நம்பினார்கள். சில ஆண்டுகளில் சுமார் 600 பேர் ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள்.

ராட்டர்டாமில் வணிகம் செய்த பெஞ்சமின் ஃபர்லி என்ற குவேக்கர் பிரசுரத்தை ஐரோப்பாவில் பரப்பினார். டச்சு, ஜெர்மன் மொழிகளில் அது வெளியானது. ரைன் நதிக்கரை ஊர்களில் பென் 1677-லேயே பிரசங்கம் செய்து சுற்றியிருந்ததால், அங்கே அவர் பெயர் புதிதல்ல. கிரேஃபெல்ட் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் கிளம்பி, 1683 அக்டோபரில் ‘கான்கார்ட்’ கப்பலில் பிலடெல்பியா வந்து இறங்கின. அவர்களில் பலர் லினன் நெசவாளர்கள். சட்டம் படித்த பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் முன்னதாகவே வந்து காத்திருந்தார். இவர்கள் அமைத்த ஊர்தான் ஜெர்மன்டவுன்.

பயணம் சுலபமாக இல்லை. 1682-ல் பென்னே வந்த ‘வெல்கம்’ கப்பலில் பெரியம்மை பரவி, சுமார் நூறு பயணிகளில் முப்பது பேர் வரை இறந்தார்கள். கரை சேர்ந்த சிலர், வீடு எழும்பும் வரை டெலவேர் ஆற்றங்கரைச் சரிவில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. மூன்றே ஆண்டுகளில் 90 கப்பல்கள் வந்ததாக பென் 1685-ல் எழுதினார்.

இழுத்தது மலிவு நிலம் மட்டுமல்ல. 1682 டிசம்பரில் செஸ்டரில் கூடிய சட்டமன்றம், ஒரே இறைவனை நம்பும் எவரையும் மதத்துக்காகத் துன்புறுத்தக் கூடாது என்று சட்டமாக்கியது. பதவிக்கு வர மட்டும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். இன்றைய அளவுகோலுக்கு இது குறைதான். அன்றைய ஐரோப்பாவில் இதைத் தந்த அரசுகள் மிகச் சொற்பம்.

பட்டயம் கையில் இருந்தும், மண்ணின் சொந்தக்காரர்களான லெனாப்பே மக்களிடம் பென் விலை கொடுத்து நிலம் வாங்கினார். அவருடைய பிள்ளைகள் 1737-ல் அதே மக்களை ஏமாற்றிப் பெரும் நிலப்பரப்பைப் பறித்தார்கள்.

பென் காலத்திலேயே ஒரு பெரும் களங்கம் இருந்தது. 1684-ல் 150 ஆப்பிரிக்கர்களை ஏற்றி வந்த ‘இசபெல்லா’ கப்பல் பிலடெல்பியாவில் நின்றது. சுதந்திரம் தேடி வந்தவர்கள் அவர்களை அடிமைகளாக வாங்கினார்கள். பென்னும் அடிமைகளை வைத்திருந்தார்.

1688-ல் ஜெர்மன்டவுனில் பாஸ்டோரியஸ் உள்ளிட்ட நான்கு பேர் இதை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். எந்த நிறத்தவரையும் திருடி விற்பது பாவம் என்றார்கள். குவேக்கர்கள் மனிதர்களை மாடுகளைப் போல நடத்துகிறார்கள் என்ற கெட்ட பெயர் ஐரோப்பாவில் பரவுகிறது, அதனாலேயே சிலர் இங்கே வர மனமில்லாமல் இருக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். பென்னின் அழைப்பை நம்பி வந்தவர்கள், அந்த அழைப்புக்கு உண்மையாக இருக்கும்படி காலனியைக் கேட்டார்கள். மனு ஒவ்வொரு சபையாக மேலே போய், ஆண்டுப் பேரவையில் முடிவெடுக்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டது.

பிலடெல்பியா குவேக்கர் பேரவை, தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது 1776-ல். அதற்குள் 88 ஆண்டுகள் போய்விட்டன.