இரக்க மாளிகையில் உரிமைக் குரல்

முதுமை! உழைத்து உழைத்து உருக்குலைந்த உடல் ஓய்வு கேட்கும் பருவம். அந்தப் பருவத்திற்கு வரலாறு வழங்கிய பரிசு என்ன? இங்கிலாந்தைப் பாருங்கள், தோழர்களே! பாராளுமன்றங்களின் தாய், தொழிற்புரட்சியின் தொட்டில் என்று ஏடுகள் புகழும் அந்நாட்டிலே, 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. நாதியற்றவனுக்கு உணவு வேண்டுமா? உழைப்பில்லம் புகவேண்டும். அங்கே அவன் நிலை, வெளியே கூலிக்குழைத்துக் குமையும் கடையேழையின் நிலையினும் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும். கொடியவன் ஒருவன் செய்த குறும்பல்ல இது, சட்டத்தின் கொள்கை! சோம்பேறிகளை விரட்டுவதற்கென்று எழுப்பிய சுவர்களுக்குள் சிக்கியவர்களிலே, நடக்கவும் இயலாத நரைத்தலையர் எத்தனையோ பேர்! சீருடை மாட்டினர். கணவனை ஒருபுறம், மனைவியை மறுபுறம் பிரித்தனர். அறுபது கடந்த இணையராவது ஓரறையில் உறங்கலாம் என்று சட்டம் இறங்கிவரப் பதின்மூன்று ஆண்டுகள், 1847 வரை, ஆயிற்று. ஏழையாவதும் ஆண்டவன் சித்தம் என்று அங்கும் பகர்ந்தோருண்டு. நம்மூர்த் தலைவிதிக்கு ஆங்கிலச் சட்டை, அவ்வளவே!

1948இல் அந்தச் சட்டம் புதைக்கப்பட்டது. சட்டம் போயிற்று, கட்டடம் போயிற்றா? பீட்டர் டவுன்செண்டு என்ற சமூகவியல் அறிஞர், இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் இல்லங்களைச் சென்று கண்டார். பழைய உழைப்பில்லங்களே பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டு நிற்பதையும், வரிசை வரிசையான கட்டில்களிடையே தனிமையில் வாடும் முதியோரையும் 1962இல் நூலாக்கி நாட்டோரின் நெஞ்சை உலுக்கினார். போற்றத்தக்க பணி! ஆயினும் ஒன்று: பேனா அறிஞரின் கையிலே இருந்தது. முதியவர் விடையளித்தார், வினாவை வகுத்தவர் வேறொருவர். வகுப்பறையில் நிற்பவர்க்கு இந்த வேறுபாடு விளங்கும். வினாத்தாள் வைத்திருப்பவரே அங்கு ஆள்பவர்!

வினாவையே மக்களிடம் ஒப்படைக்க ஒரு வழி கண்டவர் இராபர்ட் யூங்க். 1913இல் பெர்லினிலே பிறந்த யூதர். இட்லரின் கொடுமைக்குத் தப்பி நாடு நாடாய் அலைந்த எழுத்தாளர். திட்டம் தீட்டுவோர் சிலர், அதன் சுமையைத் தாங்குவோர் பலர் என்ற நிலையைச் சாடிய அவர், முல்லர்ட் என்பவரோடு சேர்ந்து 1981இல் 'எதிர்காலப் பட்டறை' பற்றிய நூலை வெளியிட்டார். பட்டறை என்றதும் சம்மட்டியைத் தேடவேண்டாம். அடித்து உருவாக்கப்படுவது கருத்து. முதற்கட்டத்தில் குறைகளைக் கொட்டுவர். அனைவரும் காணுமாறு சுவரிலே எழுதுவர். அடுத்த கட்டம் கனவு. "இதெல்லாம் நடக்குமா? பணம் ஏது?" என்ற பேச்சுக்கு அப்போது தடை! மூன்றாம் கட்டத்தில்தான் கனவை நடைமுறையோடு உரசிப் பார்ப்பர்.

முதியோர் இல்லத்திலே இத்தகைய பட்டறையை அமைப்பவர் கருதவேண்டியவை பல. குறை கூறும் வேளையில் நிர்வாகி அறைக்கு வெளியே இருக்கட்டும். அன்றிரவுச் சோறு யார் கையில் என்பதை முதியவர் மறப்பாரா? படுக்கையை விட்டு எழ இயலாதவரிடம் பட்டறையே செல்லவேண்டும். நினைவு மங்கியவர்க்குச் சொல்லைவிடப் படமும் பாட்டும் உதவும். குளிப்பாட்டிக் கூலி பெறும் பணிப்பெண்ணை மறந்துவிடலாகாது. முதியவரைப் போலவே அவளும் யாரும் கருத்துக் கேட்காதவள். முதலில் இரு சாராரும் தனித்தனியே பேசி, அச்சம் நீங்கிய பின்னர் ஒன்றாக அமர்வதே முறை என்பேன். அதிகாரி தாமே முடிவெடுத்துவிட்டு, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துத் தலையாட்டச் சொல்வாரேல், அது பட்டறையன்று, பஜனை!

முதியோரைக் கேட்டால் என்ன கூறிவிடப் போகிறார்கள் என்று ஏளனம் செய்வோர்க்கு அமெரிக்கா விடை தந்தது. யூங்கின் முறையல்ல அது, கருத்தில் உறவுடையது. இல்லவாசிகளின் உரிமைக்காகப் போராடிய அமைப்பொன்று, 1985இல் பதினைந்து நகரங்களிலே நானூறுக்கும் மேற்பட்ட இல்லவாசிகளைக் கூட்டிப் பேசவைத்தது. நல்ல பராமரிப்பு எது? மருத்துவத்தை முதலிற் சொல்வர் என்று நாம் எண்ணுவோம். அவர்கள் முதலிற் சொன்னது, அன்போடு நடத்தும் நல்ல பணியாளர்! அடுத்து வாழும் சூழல், பின்னர் உணவு. தம் நாளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையையும் கேட்டனர். கேட்டது பிச்சையன்று, மனிதத் தகுதி.

அந்தக் குரல் வல்லுநர் குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கைக்குள் நுழைந்தது, 1987இல் சட்டமாகியது. இல்லவாசிகள் தமக்கென மன்றம் அமைக்கலாம். மன்றம் எழுப்பும் குறைகளுக்கு நிர்வாகம் செவிசாய்த்தாக வேண்டும். தண்டனையாகவோ, பணியாளரின் வசதிக்காகவோ முதியவரைக் கட்டிலிலும் நாற்காலியிலும் கட்டிப்போடுதல் கூடாதென்றும் அச்சட்டம் விதித்தது. கட்டாவிடில் விழுந்துவிடுவார்களே என்று இல்லம் நடத்தியோர் பலர் அஞ்சினர். ஆயினும் அதையடுத்த ஆண்டுகளில் கட்டுகள் அவிழ்ந்தன. அமெரிக்க இல்லங்களிலே அவ்வழக்கம் பெருமளவு குறைந்தது.