யாரைக் கேட்டு வாங்கும் கடன்? தென்காசி – குற்றாலத்தில் உள்ளாட்சிக் கடனும் மக்கள் இசைவும்

உள்ளாட்சி அமைப்பு கடன் வாங்க மன்றத் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் போதும் என்பதே 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டக் காலம் தொட்டு நிலவும் நடைமுறை. ஆண்டுக்கணக்கில் வரி கட்டி அதை அடைக்கப்போகும் குடியிருப்பாளரின் இசைவுக்கு அதில் இடமில்லை. இடம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் எந்த எல்லைக்குள் இருப்போரைக் கேட்பது? கடினமான கேள்வி இதுதான்.

கலிஃபோர்னிய நகரங்கள் சொத்து வரியை ஈடாக வைத்துக் கடன்பத்திரம் வெளியிட, வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும். வீட்டுவசதி, கட்டமைப்புக் கடன்களுக்கு அந்த அளவை 55 விழுக்காடாகக் குறைக்க முனைந்த ஐந்தாம் முன்மொழிவு 2024 நவம்பரில் தோற்றது. கேட்கும் வழக்கம் போற்றத்தக்கது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் மறுத்தாலே ஊருக்குச் சாக்கடை இல்லை என்னும் ஏற்பாடு நமக்கு வேண்டாம். எளிய பெரும்பான்மையே போதும்.

மக்களைக் கேட்டால் வேலை நடக்காது என்போருக்குச் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் விடை சொல்கிறது. 1990களின் இறுதியில் அந்நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக மக்களிடம் நேரில் சென்று விளக்கி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. பள்ளம் தோண்டுமுன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செலுத்தின. அதன் பிறகே பெருங்கடன் வந்தது.

குற்றாலத்தின் சிக்கல் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலுக்கு வரும் கூட்டத்துக்காகவே கழிப்பறையும் குப்பை அகற்றலும் வாகன நிறுத்தமும் பெருமளவில் தேவைப்படுகின்றன. கடனை அடைக்க வேண்டியதோ ஒரு சிறிய பேரூராட்சி. பேரருவி அதன் எல்லைக்குள். பழைய குற்றால அருவியோ ஆயிரப்பேரி ஊராட்சியில். மேலே விடும் கழிவு சிற்றாற்றின் வழியே தென்காசிக்கு இறங்குகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. எச்சரிக்கைக் கருவி வைக்க ஓர் ஊராட்சி மட்டும் ஏன் கடன்பட வேண்டும்? பயன்பெறுவோர் ஓரிடம், கடன் சுமப்போர் வேறிடம் என்றிருக்கையில், பேரூராட்சிக்குள் மட்டும் வாக்கெடுத்தால் மறுப்பே வரும். அம்மறுப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

எனவே ஆற்றோரத்து உள்ளாட்சிகள் கூடியே கடன் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு: 2002-இல் சிறிய நகர அமைப்புகள் பலவற்றுக்காக, குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம் 30.41 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அங்கே அவற்றை இணைத்தது கடன்சந்தை. இங்கே சிற்றாறு இணைக்கட்டும். வாகன நிறுத்தக் கட்டணம் போன்று வருகையாளர் தரும் வருவாய் முதல் ஈடாகவும், சொத்து வரி கடைசி ஈடாகவும் அமையட்டும்.

இசைவைப் பெற அரங்கும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகள் நடந்தன. ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. கடன் தொகை, வட்டி, வீட்டுக்கு விழும் பங்கு ஆகியவற்றை முன்வைத்து இச்சபைகளில் வாக்கெடுத்த பின்னரே மன்றம் தீர்மானிக்கலாம் என விதிகளைத் திருத்த வேண்டும். கடன் தீரும்வரை ஆண்டுதோறும் அதே சபைகளில் கணக்கும் வைக்கப்பட வேண்டும். கணக்குக் காட்டாதோரை வாரியப் பொறுப்பிலிருந்து விலக்கிய உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டினது. கணக்குக் கேட்பது இம்மண்ணுக்குப் புதிதல்ல.