செலரான் ஜோடி

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 2, செலரான் ஆகிய இரு வரிசைகளிலும் ஒரே சமயத்தில் புதிய பிராசசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் மொத்த விலை 669 டாலர். செலரான் 300ஏ-யின் விலை 149 டாலர். செலரானை இரண்டாக வாங்கினாலும் ஒரு பென்டியம் விலையில் பாதி ஆகாது. ஆனால் இரட்டைப் பிராசசர் கணினிக்குப் பென்டியம் 2-தான் பொருந்தும், செலரான் ஒற்றைப் பிராசசர் கணினிக்கு மட்டுமே என்றது இன்டெல். அந்தத் தடையை விதித்தது சிலிக்கான் அல்ல, விலைப்பட்டியல். ஒரே பஸ்ஸை (தரவு செல்லும் பொதுத் தடத்தை) இரண்டு பிராசசர்கள் முறைவைத்துப் பயன்படுத்தவும், ஒன்றின் கேஷில் (விரைவு நினைவகத்தில்) இருப்பதை மற்றொன்று கண்காணிக்கவும், குறுக்கீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளவும் தேவையான சுற்றுகள் எல்லாம் செலரானுக்குள்ளும் இருந்தன. செலரான் பொருத்தப்பட்டிருந்த ஸ்லாட் 1 அட்டையில் விடுபட்டது, இரண்டாம் பிராசசர் பஸ்ஸைக் கேட்பதற்கான ஒரே ஓர் இணைப்பு. ஜப்பானிய ஆர்வலர்கள் அட்டையில் துளையிட்டு, கம்பி வைத்துப் பற்றவைத்து அதைச் சேர்த்துவிட்டார்கள். அடுத்து வந்த சாக்கெட் 370 செலரானில் அந்த இணைப்பு ஒரு பின்னாகவே வெளியே வந்திருந்தது. தைவானின் அபிட் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பிபி6 மதர்போர்டில் துளையும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். இரண்டு செலரான்களைச் செருகினால் போதும்.

அதற்காக எந்த இரண்டும் சேரும் என்றாகிவிடாது. பஸ் வேகமும் கேஷ் அளவும் ஒத்திருக்க வேண்டும். எந்த ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப் பதிப்பு) எதனுடன் சேரலாம் என்று தன் இரட்டைப் பிராசசர்களுக்கு இன்டெல்லே அட்டவணை வெளியிட்டு வந்தது. 366 மெகாஹெர்ட்ஸ் செலரானை வாங்கி, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100-க்கு ஏற்றி 550-இல் ஓட்டுவதே அன்றைய மோகம். பஸ் பொதுவானது என்பதால் இரண்டில் எது நோஞ்சானோ அதுதான் இரண்டுக்கும் வேக வரம்பு.

சோதித்துப் பார்க்காத இணைப்புக்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பேற்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிபி6-இலேயே மின்தேக்கிகள் உப்பிப்போய்ப் பல பலகைகள் பழுதாயின. ஆனால் பொறுப்பேற்க மறுப்பது வேறு, வழியையே அடைப்பது வேறு. 2000-இல் வந்த புதிய செலரான், பென்டியம் 3-இன் அதே சிப்தான். கேஷில் பாதியையும், இரட்டையாக இயங்கும் திறனையும் முடக்கி விற்றார்கள். சோதனைச் செலவுதான் காரணம் என்றால், இருக்கும் திறனை அணைத்துவைக்கத் தேவை என்ன? இரண்டாவது பிராசசரால் யாருக்கு என்ன லாபம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். விண்டோஸ் 98-க்கு இரண்டாவது பிராசசர் இருப்பதே தெரியாது. நிரலில் பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே வாதிட்டிருந்தார். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இது வீண் செலவுதான். ஆனால் விண்டோஸ் என்டி 4-இலோ லினக்ஸிலோ பெரிய நிரல்களைத் தொகுப்பவருக்கும், முப்பரிமாணப் படங்களை உருவாக்குபவருக்கும் வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்தது. பென்டியம் 2 ஜோடி வாங்க வசதியில்லாத அவர்கள்தான் இந்தத் தடையால் இழந்தவர்கள்.

போட்டி நிறுவனமும் இதே வழியில்தான் போனது. 2001-இல் ஏஎம்டி இரட்டைப் பிராசசர் கணினிகளுக்கென்று அத்லான் எம்பி-யைக் கூடுதல் விலையில் விற்றது. மலிவான அத்லான் எக்ஸ்பி-யில் அந்தத் திறனை நிர்ணயித்தது சிப்பின் மேற்பரப்பில் இருந்த எல்5 என்ற சிறு பாலம். துண்டிக்கப்பட்ட பாலத்தை மின்கடத்தும் பெயின்ட் தடவி இணைத்து, எக்ஸ்பி-யை எம்பி ஆக்கிக்கொண்டார்கள் வாங்கியவர்கள்.